பேப்பர் பிரிக்காத டயர்

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக் கதவைத் தள்ளியதும் ரெபேக்காளின் மூக்கில் ஏறியது ஷூ பாலிஷ் வாசனை. அந்த வீட்டில் ஷூ போடுகிறவர்கள் யாரும் இல்லை. மகள் ஜாக்குலின் நர்சிங் படிக்கப் போய் வேலூர் ஹாஸ்டலில் இருக்கிறாள். புருஷன் ஜெபக்குமார் ஷூ போட்டது கல்யாணத்தன்று ஒரு நாள், அதுவும் இரவல். என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தால், காலையில் அவள் துடைத்துவிட்டுப் போன தரையில் இரண்டு டயர்களைக் கிடத்தி, கிழிந்த பனியனால் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். ஜாக்குலின் கைக்குழந்தையாக இருந்தபோது பவுடர் போட்டுவிடக்கூட இவ்வளவு பக்குவமாக அவன் உட்கார்ந்ததில்லை.

"வூட்டுக்குள்ள இன்னாத்துக்கு டயரு?"

"கடையில வெச்சா தூசி பட்டுடும் ரெபே. ஹரிஹரன் சாரோடது. இங்கிலாந்து டயரு. எங்கியோ குடோன்ல பேப்பர் கூட பிரிக்காம கெடந்துச்சாம். பாரேன், எழுத்துலாம் எப்டி எயும்பி நிக்குதுன்னு."

ஜெபக்குமாருக்குச் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் ஒரு மெக்கானிக் கடை. பழைய வண்டி என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்தாற்போல ரிசார்ட் வைத்திருக்கும் ஹரிஹரனிடம் நாலு பழைய வண்டிகள் இருந்தன. நாலுக்கும் இவன்தான் வைத்தியன். அதில் மூத்தது ஒரு பி.எஸ்.ஏ., ஐந்நூறு சிசி, ஐம்பத்திரண்டாம் வருஷம் இங்கிலாந்தில் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் ஊர்வலம் ஒன்று இருந்தது. மாமல்லபுரத்தில் கிளம்பி, கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் வரை போய்த் திரும்ப வேண்டும். வண்டியில் எது எது பிறந்தபடியே இருக்கிறது என்று பார்த்து மார்க் போடுவார்கள். விளக்கு, கார்புரேட்டர், சீட்டுக்கடியில் இருக்கும் ஸ்பிரிங் வரை எல்லாம் சரியாக இருந்தது, டயரைத் தவிர. போன வருஷம் டயருக்காக மூன்று மார்க் போயிற்றாம். அந்த மூன்று மார்க்கைத் துரத்திக்கொண்டு ஒரு மாதமாக ஹரிஹரன் போன் மேல் போன் போட்டதில் அகப்பட்டவைதான் தரையில் கிடந்தன. வண்டிக்குச் சொந்தக்காரர் அவர். நூறு கிலோமீட்டர் ஓட்டப்போவது ஜெபக்குமார்.

ரெபேக்காள் பையைக் கீழே வைத்துவிட்டு டயர் பக்கத்தில் குந்தினாள். மறைமலைநகரில் கார்களில் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகத் தரம் பார்க்கிறவள் அவள். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் உருப்படி அவள் கை வழியாகப் போகும். ரப்பரைத் தொட்டால் அதன் வயசு அவள் விரலுக்குத் தெரியும். இந்த டயரைத் தொட்டதுமே விரல் அங்கேயே நின்றது. கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். நகம்தான் வளைந்தது. டயரில் ஒரு தடமும் விழவில்லை.

பக்கவாட்டில் விரலை ஓட்டி, தேடியதைக் கண்டுபிடித்தாள். சின்னதாக ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் மூன்று எண்கள். நாலு, ஒன்று, எட்டு.

"இத்த படிச்சியா?"

"படிச்சேன். இன்னா இப்போ?"

"நாலு நம்பரு இருந்தா ரெண்டாயிரத்துக்கு அப்பால செஞ்சது. மூணு நம்பரு இருந்தா அதுக்கும் முன்னாடி. நாப்பத்தொண்ணாவது வாரம், கடைசி எட்டுன்னா தொண்ணூத்தெட்டு. யோவ், நமக்கு அப்ப கண்ணாலமே ஆவல. உன் மீசையே அப்பதான் மொளச்சிருக்கும்."

"ஓடவே இல்லியே ரெபே. பேப்பர்லியே கெடந்துச்சு. தேயவே இல்ல பாரு."

எத்தனை வருஷம் மெக்கானிக்காக இருந்து என்ன பிரயோசனம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடினால்தான் ரப்பர் தேயும். ஓடாமல் கிடந்தாலும் சாகும். காற்று பட்டுச் சாகும், வெயில் பட்டுச் சாகும், ஒன்றுமே படாமல் மூலையில் கிடந்தும் சாகும். இது அவனுக்குத் தெரியாததா? நாலு பேருக்கு வகுப்பெடுக்கிற அளவுக்குத் தெரியும். அவள் டயரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலைக் கொடுத்து வளைத்தாள். பாலிஷ் பளபளப்புக்கு நடுவே மயிரிழை மயிரிழையாகக் கோடுகள் வாய் திறந்தன. சில கோடுகளுக்குள் கறுப்பாக ஏதோ மெழுகியிருந்தது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனில் கரியைக் குழைத்து அடைத்த வேலை. பூ மாதிரி வேலை. அப்படி மெழுக இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரே ஒரு கைதான் உண்டு.

அவள் அவன் நகங்களைப் பார்த்தாள். பத்து நகத்தின் இடுக்கிலும் கரி.

"நீயா அடைச்ச?"

"சார்தான் சொன்னாரு, வெடிப்பு வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு."

"வெடிப்ப அடைச்சி, அதும்மேல பாலிஷ் போட்டு, அதும்மேல நீயே குந்திகினு நூறு கிலோமீட்டர் போவப்போற. அப்டித்தான?"

"மெதுவாத்தான் போவேன் ரெபே. அம்பதுக்கு மேல முறுக்க மாட்டேன். ஓட்டறது நான். ஒண்ணும் ஆவாது."

ரெபேக்காள் எழுந்து போய் முகம் கழுவினாள். அன்றிரவு சோற்றைப் போட்டு வைத்தாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கோபம் வந்தால் கத்துகிற ரகம். கத்தாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று ஜெபக்குமாருக்குத் தெரியும். தெரிந்தும் அவன் சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடி பனியனைத்தான் எடுத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் லைன் சூப்பர்வைசர் ஜோதிலட்சுமியிடம் கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு, ரப்பரின் கெட்டித்தனம் பார்க்கிற பழைய மீட்டரை எடுத்து வந்தாள். பார்க்கப் பாக்கெட் கடிகாரம் போல இருக்கும். அடியில் குண்டூசி போல ஒரு முனை. ரப்பரின் மேல் வைத்து அழுத்தினால் எவ்வளவு கெட்டி என்று முள் நகர்ந்து எண் காட்டும். புது மிஷின் வந்த பிறகு சும்மா கிடந்தாலும் இது பொய் சொல்லாது. வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பூங்கொடியின் டயர் கடையில் இறங்கினாள். பி.எஸ்.ஏ.வுக்கு டயர் கிடைக்காது என்று யார் சொன்னது? புல்லட்டுக்குப் போடுகிற அதே பத்தொன்பது இஞ்ச் டயர்தான். கடை வாசலில் அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றின் மேல் மீட்டரை அழுத்தினாள். அறுபத்தொன்று. செய்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து இங்கிலாந்துக்காரன் மேல் அழுத்தினாள். முள் சுற்றிப் போய் எண்பத்தெட்டில் நின்றது. இன்னொரு இடம் பார்த்தாள். எண்பத்தொன்பது. எங்கள் கம்பெனியில் ஒரு புஷ் எண்பதைத் தாண்டினால் அது இருக்கிற தட்டையே ஒதுக்கிவிடுவோம் என்று அவனிடம் சொன்னாள். பூங்கொடி கடையின் அறுபத்தொன்றைச் சொன்னாள். ரோட்டைப் பிடிக்காது, ஈரத்தில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும், வெயிலில் சூடேறினால் மெழுகிய இடமெல்லாம் வாயைத் திறக்கும் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டுகிறவனிடம் சண்டை போடுவதைப் போல ஒரு பேஜாரு உலகத்தில் இல்லை.

"சாருகிட்ட சொன்னியா? இது ஆவாதுன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"அவரு ஆசையா தேடி வாங்கினது. மூஞ்சில அடிச்ச மாதிரி எப்டி சொல்றது?"

"உன் மூஞ்சி ரோட்டுல தேஞ்சா பரவால்லியா?"

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். அவளும் மீட்டரோடு பின்னாலேயே போனாள். வாசலில் அவனுடைய வண்டி நின்றது. தினமும் கடைக்குப் போகும் பழைய நூறு சிசி வண்டி. என்னவோ தோன்ற அதன் பின் டயரைக் குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மொட்டை. நடுவில் நூல் தெரிந்தது. ஊரார் வண்டியையெல்லாம் உயிர்ப்பிக்கிறவனின் வண்டி ஓடிய டயர் அது.

"இது எப்பலேர்ந்து?"

"அடுத்த மாசம் மாத்திக்கலாம்னு இருந்தேன்."

"எந்த அடுத்த மாசம்? போன வருசம் அடுத்த மாசமா?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் தப்பித்துவிடுவான் என்று அடக்கிக்கொண்டாள். கம்பெனியில் கழித்த உருப்படியின் மேல் சிவப்பு பெயிண்ட் பேனாவால் கோடு போடுவார்கள். போட்ட ஆளைத் தவிர வேறு யாரும் அந்தக் கோட்டைத் துடைக்கக்கூடாது. மேனேஜரே ஆனாலும் துடைக்கக்கூடாது. பத்தொன்பது வருஷத்தில் அவள் போட்ட கோட்டைத் துடைக்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தாள், உள்ளே போனாள், பளபளக்கும் இரண்டு டயர் மேலும் சரக் சரக்கென்று ஒரு கோடு போட்டாள்.

"ரிஜக்ட்," என்றாள்.

"ஐயையோ! இன்னா காரியம்மே பண்ணிட்ட?"

அவனும் கோபப்படுவான் என்பது அப்போதுதான் தெரிந்தது. தின்னரும் துணியும் எடுத்து வந்து, தேய் தேய் என்று தேய்த்துக் கோட்டை எடுத்தான். எடுத்த இடத்தில் மறுபடி பாலிஷ் போட்டான். தன் கண்ணெதிரில், தன் வீட்டில், தன் புருஷன் அதைத் துடைத்ததை ரெபேக்காள் வாசற்படியில் நின்று பார்த்தாள். சனிக்கிழமை அவள் வேலைக்குப் போன பிறகு டயர்களைக் கொண்டுபோய் ரிசார்ட்டில் வண்டிக்கு மாட்டிவிட்டும் வந்துவிட்டான். சாயங்காலம் அவன் முகத்தில் ஒரு திருப்தி. அதைப் பார்க்கவே அவளுக்குச் சகிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. ஆராதனைக்குப் போகாமல் அவள் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். காலையில் புடவை கட்டிக்கொண்டு நானும் வரேன் என்றாள். சரி, என் வண்டியில உட்காரு என்றான். உன் மொட்ட டயருல நான் ஏற மாட்டேன் என்றாள். ஆகவே இரண்டு பேரும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மாமல்லபுரம் போனார்கள். நடுவில் மழை தூறி நின்றிருந்தது. இறங்கும்போது தார் ரோடு மினுமினுத்தது.

ரிசார்ட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். பி.எஸ்.ஏ. நடுவில் நின்றது. நல்ல வண்டிதான். அதன் மேல் அவளுக்கு எந்தப் பகையும் இல்லை. கறுப்பும் வெள்ளியுமாக, தன் பாட்டுக்கு, யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காமல் நின்றது. ஜெபக்குமார் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனான். ஷெட்டுக்குள் போக எதற்குச் செருப்பைக் கழற்றுகிறான் என்று இவள் செருப்போடு போனாள்.

சுவரில் ஆணி அடித்து இரண்டு டயர்கள் மாட்டியிருந்தன. புதிது. ரப்பர் முடிகள் கூட முழுசாக உதிரவில்லை. ஒன்றில் 'முன்', இன்னொன்றில் 'பின்' என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. 'ன்' போடுகையில் வாலை மேலே இழுத்துவிடுகிற ஜெபக்குமாரின் கையெழுத்து. ரெபேக்காள் கிட்டப் போய் எண்ணைப் பார்த்தாள். நாலு எண். செய்து ஆறு மாதம் ஆகவில்லை. பையிலிருந்த மீட்டரை எடுத்து அழுத்தினாள். அறுபத்திரண்டு.

"இது யாருது?"

"நம்ம வண்டிதுதான்," என்று பி.எஸ்.ஏ.வைக் காட்டினான். "நேத்து கயட்டினது."

"நேத்து கயட்டினதா?" பழைய டயர் தேய்ந்து போய்த்தான் மாற்றுகிறார்கள் என்று இத்தனை நாளும் அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். "இத்தயா கயட்டிட்டு அத்த போட்ட?"

"இது சார் ஓட்டறப்ப போடறது ரெபே," என்றான் அவன், கடைக்கு என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில். "அடுத்த சனிக்கெயம சார் பாண்டிச்சேரி போறாரு. நாளிக்கு வந்து திரும்ப இத்த மாத்திடணும்."

அவன் அதைச் சொன்ன விதத்தில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறைத்துச் சொல்லவில்லை, வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. சார் ஓட்டினால் நல்ல டயர், நான் ஓட்டினால் செத்த டயர், நடுவில் இரண்டையும் மாற்றி மாட்டுகிறவனும் நானே. இதில் கோணலாக ஏதோ இருக்கிறது என்றே அவன் மண்டைக்கு எட்டவில்லை. ஹரிஹரன் மேல் வந்த கோபத்தை விட இவன் மேல் வந்த கோபம் பத்து மடங்கு. அவருக்காவது இவன் யாரோ. இவனுக்கு இவனே யாரோவாகவா போய்விட்டான்?

ஹரிஹரன் அப்போதுதான் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஊர்வல அடையாள அட்டை. பின்னால் ஓர் ஆள் தட்டில் கற்பூரமும் இரண்டு எலுமிச்சம்பழமும் கொண்டு வந்தான்.

"வாம்மா. ஜெபா ஓட்டறதப் பாக்க வந்தியா? ரொம்ப சந்தோஷம்."

"சார், அந்த டயரு எண்பத்தெட்டு காட்டுது," என்றாள் ரெபேக்காள். "இது அறுபத்திரண்டு. இதையே போட்டு அனுப்புங்க. முக்கால் மணி நேரத்துல மாத்திடுவாரு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. குழந்தை ஏதோ கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அது. "அது மாடர்ன் டயர்ம்மா. பேட்டர்ன் மாறிடும். மார்க் போயிடும். பழைய டயர்ல ஓட்டத் தெரிஞ்ச கை வேணும், அதுக்குத்தான் ஜெபா. அவன் கைல குடுத்தா எனக்குக் கவலையே இல்ல."

"அப்ப பாண்டிச்சேரிக்கும் இதே டயர்ல போங்க சார்."

சிரிப்பு நின்றது. "ஜெபா, டைம் ஆகுது பார்," என்று அவள் பக்கமிருந்து திரும்பிக்கொண்டார்.

கிளம்பும் இடம் ரிசார்ட் வாசலிலேயே இருந்தது. இருபது முப்பது வண்டிகள், சுற்றிலும் செல்போனைத் தூக்கிப் பிடித்த கூட்டம். கடற்காற்று சவுக்கு மரங்களுக்குள் புகுந்து இரைந்தது. ரோட்டோரமெல்லாம் ஈர மணல் பரவிக் கிடந்தது. மார்க் போடுகிற பெரியவர் ஒருவர் பி.எஸ்.ஏ.வின் டயரைக் குனிந்து பார்த்து, "அடடா, அந்தக் காலத்துப் பேட்டர்ன்!" என்று எழுதிக்கொண்டார். மெழுகின இடத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவு நல்ல வேலை. ஹரிஹரன் கற்பூரம் காட்டச் சொல்லி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழத்தை வைக்கச் சொன்னார். ஏறி நசுக்கிவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாதாம். எண்பத்தெட்டுக்கு எலுமிச்சம்பழம் வைத்தியம்!

ஜெபக்குமார் ஹெல்மெட் மாட்டி, உதைத்தான். ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூட்டம் கை தட்டியது. அவன் முகத்தில் அந்த நிமிஷம் இருந்த சந்தோஷத்தை ரெபேக்காள் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். புடவையைச் செருகிக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து, பின்னாலிருந்த சின்ன சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏ! இன்னாமே பண்ற?"

"போ."

"ரெபே, எறங்கு."

"இன்னாத்துக்கு எறங்கணும்? நீ ஓட்டினா ஒண்ணும் ஆவாதுல்ல? மெதுவாத்தான போவ? போ. கடப்பாக்கம் வரைக்கும் கடல பாத்துகினு வரேன்."

"ஆளுங்க பாக்கறாங்க. எறங்கு சொல்றேன்."

"எத்தினி வெடிப்பு அடைச்ச?"

அவன் முன்னால் நின்ற வண்டியையே பார்த்தான்.

"எண்ணித்தான அடைச்சிருப்ப. எத்தினி?"

"பதினேழு," என்றான். எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"பின்னாடி டயருல?"

"பதினொண்ணு."

"அப்ப அந்தப் பதினொண்ணு மேல நான் குந்தினு கீறேன். போ."

பச்சைக் கொடி ஆடியது. முன்னாலிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஜெபக்குமாரின் முதுகு விறைத்தது அவள் கைக்குத் தெரிந்தது. பிடித்த கிளட்சை அவன் விடவில்லை. ஐம்பதுக்கு மேல் முறுக்கமாட்டேன் என்றவன், துளிகூட முறுக்கவில்லை. ஹரிஹரன் ஓடி வந்தார்.

"என்ன டிராமா ஜெபா இது? பின்னாடி ஆள் உட்காரக் கூடாது. எறங்கச் சொல்லு. பின்னாடி எல்லாம் நம்ம வண்டிக்காக நிக்குது."

ஜெபக்குமார் ஹேண்டில்பாரில் இருந்த சின்ன லிவரை இழுத்து எஞ்சினை நிறுத்தினான். பிறகு குனிந்து பெட்ரோல் குழாயை மூடினான். அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. குழாயை மூடிவிட்டால் ஓட்டுகிறவன் கையை எடுத்துவிட்டான் என்று அர்த்தம். ஹெல்மெட்டைக் கழற்றினான். ரெபேக்காள் இறங்க, அவனும் இறங்கி வண்டியை ஸ்டாண்டில் போட்டான்.

"இது ரிஜக்ட் சார்."

"என்னது?"

"இந்த டயரு ஆவாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. என் தப்புதான். சொவத்துல மாட்டிகீறத போட்டுத் தரேன், போயிட்டு வரேன். மார்க்கு போனா போவுது. இல்லன்னா…" ஹெல்மெட்டை அவர் பக்கம் நீட்டினான். வாழ்நாளில் அவரிடம் அவன் சொல்லாத வார்த்தை அது. "இல்லன்னா இதுலியே நீங்க போங்க சார்."

ஹரிஹரனின் முகம் சிவந்தது. ஓட்டத் தெரியாதவர் இல்லை. பாண்டிச்சேரி வரை ஓட்டுகிறவர். வண்டியைப் பார்த்தார். ஈரமாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தார். கடைசியில் டயரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். சீட்டின் மேல் காலை மட்டும் தூக்கிப் போடவில்லை. அவருக்கும் எல்லாம் தெரியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி ரெபேக்காளுக்குத் தேவைப்படவில்லை.

கடைசி வண்டியும் போய்ப் புகை அடங்கியது. "இனிமே ஷெட் பக்கம் வராத," என்று மட்டும் சொல்லிவிட்டு ஹரிஹரன் உள்ளே போனார். எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்காமல் அப்படியே கிடந்தன. ஜெபக்குமார் போய்ச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கோபம் தீர்ந்துவிடும் என்று ரெபேக்காள் நினைத்திருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியும் தீரவில்லை. அடி நாக்கில் ஒரு கேள்வி கசந்துகொண்டே வந்தது. கேட்காமலே இருந்துவிடலாம்தான். அவளால் முடியவில்லை.

"நான் ஏறலன்னா போயிருப்ப இல்ல?"

அவன் தன் நகங்களைப் பார்த்தான். இடுக்கில் இன்னும் கரி இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் அவனுக்குத் துப்பில்லை.

"போயிருப்பேன்," என்றான்.

அப்போதுதான் அவள் அழுதாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தான் ஏறியது அவனை நிறுத்தியது. அவனுடைய உயிர் அவனை நிறுத்தவில்லை. இருபது வருஷமாக அவள் சோறு போட்டு, காய்ச்சலுக்கு நெற்றி தொட்டுப் பார்த்து, ஒவ்வொரு ராத்திரியும் ஜெபத்தில் பேர் சொல்லி வைத்திருந்த ஓர் ஆளை, இவன் மட்டும் ஒரு கணக்கிலும் சேர்க்கவில்லை. "ரெபே, ஆளுங்க பாக்கறாங்க," என்று அவன் மெல்லச் சொன்னான். பாக்கட்டும் என்றாள்.

செங்கல்பட்டில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பினவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பூங்கொடியின் கடை பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி வரைதான். பூங்கொடி கணக்கு நோட்டை மூடிக்கொண்டே தலை தூக்கினாள்.

"வா ரெபேக்கா. முந்தாநேத்து வந்து மீட்டர் வெச்சிப் பாத்துட்டுப் போன, அந்தப் புல்லட் டயர் வேணுமா?"

"அது இல்ல. நூறு சிசிக்குப் பின்னாடி டயரு. எதுன்னு இவரே சொல்வாரு."

ஜெபக்குமார் கடை நடுவில் நின்றான். அடுக்கடுக்காக டயர்கள். பி.எஸ்.ஏ.வுக்கு எந்த வரி, எந்த இஞ்ச், எந்த ஊர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். இப்போது எதைத் தொடுவது என்று தெரியாமல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். ஒன்றைத் தொட்டான். விட்டான். விலை குறைந்த அடுக்கின் பக்கம் கண் போனது. ரெபேக்காள் பையைத் திறந்து மீட்டரை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். குனிந்து எண்களைப் படித்தான். நேரம் எடுத்துக்கொண்டான். பூங்கொடி ஷட்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யார் வண்டிக்குண்ணா இது? இவ்ளோ பாக்கற? எந்த சாரு?"

ஜெபக்குமார் நிமிர்ந்தான். ரெபேக்காளைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இன்னும் இறங்கவில்லை.

"எனக்கு," என்றான்.